கிணற்றுக்குள் எத்தனை மணித்தியாலம்?

கார்த்திகை மழையில் எங்கள் ஒழுங்கை வெள்ளம் கிணற்றுக்கட்டைத் தாண்டி உள்ளே இறங்கிவிட்டது. யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரான நவாலியில் வயல் பக்கம் தாழ்ந்த நிலம். இரண்டு நாள் விடாமல் அடித்தால் வளவுக்குள் முழங்காலளவு தண்ணீர் நிற்கும், அது எங்களுக்குப் புதிதில்லை. ஆனால் கிணற்றுக்குள் போகும் வெள்ளம் தனியாகப் போவதில்லை. ஒழுங்கையில் கிடந்ததெல்லாம், பக்கத்து மலசலகூடக் குழிகளில் நிரம்பி வழிந்ததெல்லாம் சேர்ந்துதான் போகும். குடிக்கவும் சமைக்கவும் இந்த ஒரு கிணறுதான். வெள்ளம் வடிந்து இரண்டு கிழமை பொறுத்து, குளோரின் போடவேண்டும் என்று விசாரிக்கப் போனேன். ஆயிரம் லீற்றருக்கு இத்தனை கிராம் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதித் தந்தார்கள். கிணற்றில் எத்தனை ஆயிரம் லீற்றர் இருக்கிறது என்பது என் பொறுப்பு.

அந்தக் கணக்கைப் பிழையாகச் செய்தேன். பிழை பிடிபட்டு, திருத்தி, கிணறும் நன்றாகி மாதங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் அது ஏன் எனக்குச் சரியாகவே தெரிந்தது, ஐயாவுக்கு ஏன் ஒரு நொடியில் பிழையென்று தெரிந்தது என்ற கேள்வி விடாமல் கூடவே வருகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

அளந்தது கவனமாகத்தான். தும்புக் கயிற்றின் நுனியில் ஒரு கல்லைக் கட்டி மெல்ல இறக்கினேன். கல் அடியில் தட்டியதும் கயிறு தளர்ந்தது. மேலே இழுத்து விறாந்தையில் நீட்டி வைத்தபோது நனைந்த பகுதி கறுத்து, காய்ந்த பகுதி வெளிறி, இரண்டுக்கும் நடுவே கோடு போட்டதுபோல் எல்லை தெரிந்தது. கல்லிலிருந்து அந்தக் கோடுவரை பத்தடி. பிறகு மகள் ஒரு பக்கம், நான் எதிர்ப்பக்கம் நின்று அளவு நாடாவைக் கிணற்றின் குறுக்கே பிடித்தோம். விட்டம் பன்னிரண்டு அடி. ஆரை ஆறு. ஆறாறு முப்பத்தாறு, அதை 3.14ஆல் பெருக்கினால் 113. ஆழம் பத்தடி, ஆகவே 1130 கன அடி. இதுவரை ஒரு குறையும் இல்லை. ஒரு மீற்றர் என்பது 3.28 அடி. 1130ஐ 3.28ஆல் வகுத்தேன், 344.5 வந்தது. ஒரு கன மீற்றரில் 1000 லீற்றர். ஆக, 344,500 லீற்றர்.

அந்தக் கணக்குக்குத் தூள் வாங்கப் போனேன். “என்ன தம்பி, ஒழுங்கையிலை இருக்கிற கிணறு எல்லாத்துக்குமோ?” என்று கடைக்காரர் கேட்டார். எங்கள் கிணற்றுக்குத்தான் என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் நிறுத்துத் தந்தார். அந்த இடத்திலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஐயா கேட்ட கேள்வி

ஐயாவுக்கு எழுபத்தெட்டு வயது. சாய்மனைக் கதிரையில் இருந்தபடி என் கையிலிருந்த பையைப் பார்த்தார்.

“எவ்வளவு தண்ணி எண்டு கணக்குப் பாத்தனி?”

“மூண்டு லட்சத்து நாப்பத்தி நாலாயிரத்து ஐந்நூறு லீற்றர், ஐயா.”

அந்த எண் அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார்: “அது மிசினுக்கு எத்தனை மணித்தியாலம்?”

மிசின் என்றால் எங்கள் இரண்டு அங்குலத் தண்ணீர் பம்பி. மிக நன்றாக ஓடினால் நிமிடத்துக்கு 500 லீற்றர் என்று அதன் புத்தகத்தில் போட்டிருந்தது எனக்கு நினைவிருந்தது. மணித்தியாலத்துக்கு 30,000. மனக்கணக்காகவே வகுத்து, “பதினொண்டரை மணித்தியாலம்” என்றேன்.

“பிழை” என்றார் ஐயா. யோசிக்கவே இல்லை. “கோடையிலை ஆறடித் தண்ணி கிடக்கேக்கை இறைச்சுத்தானே சேறு எடுக்கிறனாங்கள். ஒரு மணித்தியாலத்திலை அடி தெரியும். இப்ப பத்தடி. ஊத்துத் தண்ணியையும் சேர்த்து ரெண்டு மணித்தியாலம் எண்டு வை. பதினொண்டரை எண்டால் அது எங்கட கிணறு இல்லை.”

நான் தாளை எடுத்து மறுபடி பார்த்தேன். பெருக்கலில் பிழை இல்லை. வகுத்தலிலும் இல்லை. கைபேசியிலும் போட்டுப் பார்த்தேன், அதே எண்தான். அளவில் தவறியிருக்கலாம் என்று போய்க் கயிற்றைத் திரும்பவும் இறக்கினேன். அதே பத்தடி. எல்லாம் சரியாக இருக்க விடை மட்டும் பத்து மடங்கு பிழைத்துப்போய் நிற்கிறது. அந்த நேரத்தில் எனக்கு வந்தது உண்மையில் பயம். தூளைக் கலக்கிக் கிணற்றுக்குள் ஊற்றி முடித்திருந்தால்?

கடைசியில் வெண்கட்டியை எடுத்துக்கொண்டு முற்றத்துச் சீமெந்தில் குந்தினேன். பக்கத்துக்கு ஒரு மீற்றராக ஒரு சதுரம் கீறினேன். அதற்குள் மகளின் அடிமட்டத்தை வைத்து அடிச் சதுரங்களாகப் பிரித்தேன். மூன்று வரிசை, வரிசைக்கு மூன்றாக ஒன்பது முழுச் சதுரங்கள் வந்தன. இரண்டு ஓரங்களிலும் கால் அடிக்குச் சற்றுக் கூடிய அகலத்தில் நீளத் துண்டுகள் மிஞ்சின. அவற்றையும் சேர்த்தால் பத்தே முக்காலுக்குக் கிட்ட. அப்போதுதான் விளங்கியது. ஒரு மீற்றர் மூன்றடிச் சொச்சம்தான். ஒரு சதுர மீற்றருக்குள் பத்துக்கு மேற்பட்ட சதுர அடிகள் கிடக்கின்றன. அதை ஒரு மீற்றர் உயரத்துக்கு எழுப்பினால், அந்தப் பத்தே முக்காலும் மூன்று அடுக்குச் சொச்சம். 3.28ஐ மூன்று தரம் பெருக்க வேண்டும், 35.3. ஒரு கன மீற்றருக்குள் 35.3 கன அடி.

1130ஐ 35.3ஆல் வகுத்தால் 32. முப்பத்திரண்டாயிரம் லீற்றர். புத்தகத்தில் போட்ட வேகத்திலேயே மிசின் ஓடினால் ஒரு மணித்தியாலமும் சில நிமிடங்களும். ஆழத்திலிருந்து இழுக்கும்போது வேகம் குறையும், இறைக்க இறைக்க ஊற்றும் வரும். ஐயாவின் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு குறையும் இல்லை.

எட்டாம் ஆண்டு படிக்கும் மகள் நான் கீறிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, “அப்பா, இது எங்கட கணக்குப் புத்தகத்திலை இருக்கு” என்றாள். இருக்கிறதுதான். ஒரு கன மீற்றர் பத்து லட்சம் கன சென்ரிமீற்றர் என்று நானும் அந்த வயதில் பாடமாக்கியவன். ஆனால் கன அடி என்ற இரண்டு சொற்களில் அடியை மட்டும் மீற்றராக்கிவிட்டு, முன்னால் நின்ற கன என்பதை அப்படியே இழுத்துக்கொண்டு போனேன். நீளம், அகலம், உயரம் மூன்றும் அந்தச் சின்னச் சொல்லுக்குள்தான் இருக்கின்றன. மூன்றையும் மாற்றவேண்டிய இடத்தில் ஒன்றை மாற்றினேன். எந்த எண்ணும் என்னை மறிக்கவில்லை, ஏனென்றால் 344,500 லீற்றர் என்பதும் 32,000 லீற்றர் என்பதும் எனக்கு ஒரே மாதிரித்தான் இருந்தன. இரண்டுமே பெரிய எண். இரண்டையும் நான் கண்டதில்லை.

மண்ணெண்ணெய் படிப்பித்தது

ஐயாவுக்கு அந்த இரண்டு மணித்தியாலம் எங்கிருந்து வந்தது? பொருளாதாரத் தடைக் காலத்தில் தோட்டம் செய்தவர்கள் எல்லாருக்கும் அது தெரியும். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கண்ணால் காணக் கிடையாது, மண்ணெண்ணெய் தங்கம். மோட்டார் சைக்கிளை ஒரு சொட்டுப் பெற்றோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டிய காலம். இறைப்பு மிசினும் அப்படித்தான். மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் இறைக்காமல் விட முடியாது, இறைத்தால் போத்தல் கணக்கில் மண்ணெண்ணெய் போகும். மணித்தியாலத்துக்கு ஒரு போத்தலுக்கு மேலே குடிக்கும் என்று ஐயா சொல்வார். ஒரு போத்தல் எண்ணெய், ஒரு மணித்தியால ஓட்டம், கிணற்றில் இத்தனை அடித் தண்ணீர், தோட்டத்தில் இத்தனை பாத்தி. இந்த நாலும் அவருக்கு ஒரே அளவின் நாலு பெயர்கள். லீற்றர் என்பது அந்த வரிசையில் இல்லை, அவ்வளவுதான்.

வீட்டுக்குள்ளும் அதே கணக்கு ஓடியது. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சும் அது நனையும் அளவுக்கு மண்ணெண்ணெயும் விட்டு எரித்த விளக்கில்தான் நான் படித்தேன். கால் போத்தல் எண்ணெய் எத்தனை இரவுக்கு வரும் என்று அம்மாவிடம் கேட்டால் விரல் மடித்துச் சொல்வா. மில்லிலீற்றர் அவவுக்குத் தேவைப்படவில்லை.

எனக்கும் ஒரே ஒரு தடவை அப்படி ஒரு அளவு உடம்புக்குள் இறங்கியது. 2022இல் எரிபொருளைப் பங்கிட கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். நவாலியிலிருந்து பட்டினத்துக்கு வேலைக்குப் போய்வர, சந்தைக்குப் போக, ஐயாவை வைத்தியசாலைக்குக் கூட்டிப்போக அந்த நாலு எத்தனை நாளுக்கு வரும் என்று தாங்கி மூடியைத் திறந்து ஆட்டிப் பார்க்காமலே தெரிந்தது. இன்றைக்கும் 4 லீற்றர் என்றால் ஒரு கிழமை என்றுதான் எனக்குள் படுகிறது.

கொத்து, போத்தல், கலன்

கிணற்றுப் பிழைக்குப் பிறகு இந்த ஊரில் கனவளவு எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்க்கத் தொடங்கினேன். எங்கள் காணி உறுதியை எடுத்து விரித்தால் நில அளவு லாச்சம் என்று எழுதியிருக்கிறது. நெல்லுக்கு லாச்சம், வரகுக்கு லாச்சம் என்று பயிரின் பெயரும் சேர்ந்து வரும். விதைப்பை வைத்து நிலத்தை அளந்த காலத்தின் அடையாளம் அது. இன்றைக்கு நில அளவையாளர் பரப்புக்குப் பத்துப் பேர்ச், ஏக்கருக்குப் பதினாறு பரப்பு என்று மாற்றிக்கொள்கிறார். அதே உறுதியின் அடியில் கிணற்றில் எங்களுக்குள்ள பங்கு எழுதப்பட்டிருக்கிறது. பங்குக் கிணற்றில் தண்ணீரைப் பிரிப்பது லீற்றரால் அல்ல, முறையால். உன் முறை காலையில், என் முறை மத்தியானம். ஒரே தாளில் விதை நிலமாகிறது, நேரம் தண்ணீராகிறது.

அரிசி அளக்கும் கொத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாலு சுண்டு ஒரு கொத்து. இன்றைக்குக் கடையில் கிலோதான், ஆனால் எழுபது வயதுக்கு மேற்பட்ட எவரிடமும் கொத்து அரிசி என்று சொல்லிப் பாருங்கள். 1953 ஜூலையில் பங்கீட்டு அரிசி கொத்து 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு ஏறியது. ஓகஸ்ட் 12இல் நாடே ஹர்த்தாலில் நின்றது. ஒக்டோபரில் டட்லி சேனநாயக்க பிரதமர் பதவியை விட்டு விலகினார். அந்தக் கொத்துக்குள் எத்தனை மில்லிலீற்றர் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். தங்கள் வீட்டுப் பானைக்கு அது எத்தனை வேளை என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

போத்தல் இன்னும் உயிரோடு இருக்கிறது. பாலும் நல்லெண்ணெயும் இன்றும் போத்தல் கணக்கில்தான் பேசப்படுகின்றன, 750 மில்லிலீற்றர். அது ஏன் 750, ஏன் ஒரு முழு லீற்றர் இல்லை என்று சின்ன வயதில் யோசித்திருக்கிறேன். ஆறு போத்தல் ஒரு கலன். பிரித்தானியக் கலன் 4.546 லீற்றர், அதை ஆறாகப் பிரித்தால் 757 மில்லிலீற்றருக்குச் சற்று மேல். கலன் போய்விட்டது, அதன் ஆறில் ஒரு துண்டு கொஞ்சம் தேய்ந்து எங்கள் அடுப்படியில் நிற்கிறது.

கலனிலும் ஒரு பொறி இருக்கிறது. அமெரிக்கக் கலன் 3.785 லீற்றர்தான். இங்கிலாந்தில் பழைய வைன் கலன் 231 கன அங்குலமாக இருந்தது. அமெரிக்கா அதையே வைத்துக்கொண்டது. இங்கிலாந்து 1824இல் எல்லாப் பழைய கலன்களையும் தூக்கிவிட்டு, 10 இறாத்தல் தண்ணீர் பிடிக்கும் கொள்ளளவே கலன் என்று சட்டம் போட்டது. அதனால்தான் இருநூறு லீற்றருக்குச் சற்றுக் கூடப் பிடிக்கும் இரும்புப் பரலை அவுஸ்திரேலியாவில் 44 கலன் பரல் என்கிறார்கள், அமெரிக்காவில் 55 கலன் பரல் என்கிறார்கள்.

10 இறாத்தல் தண்ணீர் என்ற அந்த வரி எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. சட்டம் எழுதியவர்களும் கனவளவை நேரே பிடிக்கப் போகவில்லை, எடையைக் கொண்டு பிடித்தார்கள். லீற்றரின் கதையும் அதுதான். 1901இல் அதை ஒரு கிலோ தூய தண்ணீர் அடர்த்தி கூடிய நிலையில் பிடிக்கும் இடம் என்று வரையறுத்தார்கள். அது பத்துச் சென்ரிமீற்றர்ப் பக்கமுள்ள கனசதுரத்தை விட ஒரு துளி கூடியதாக அமைந்துவிட்டது. ஆயிரம் லீற்றருக்கு 28 மில்லிலீற்றர், ஆறு தேக்கரண்டிக்கும் குறைவு. அந்தத் துளியைச் சுமந்துகொண்டு உலகம் அறுபத்து மூன்று வருடம் ஓடியது. 1964இல்தான் எடையை விட்டுத் திரும்பவும் அந்தக் கனசதுரத்துக்கே வந்தார்கள். விஞ்ஞானிகள் தராசைக் கொண்டு தண்ணீரை அளந்திருக்கும்போது, ஐயா மணிக்கூட்டைக் கொண்டு அளப்பது எந்த விதத்திலும் குறைந்ததில்லை என்று நான் நினைக்கிறேன்.

அம்மாவின் பேணி

இதே நாட்களில் ரொறன்ரோவிலிருந்து அக்கா எடுத்தா. பயற்றம் பணியாரம் உதிர்ந்துபோகிறதாம். அம்மா சொன்ன அளவுதான் போட்டதாகச் சொன்னா. நாலு சுண்டு மா என்று அம்மா சொன்னதை அக்கா நாலு கப் என்று எடுத்திருக்கிறா. முன்பென்றால் நான் உடனே இணையத்தில் சுண்டுக்கு எத்தனை கப் என்று தேடி ஒரு எண்ணைச் சொல்லியிருப்பேன். இந்தத் தடவை அடுப்படிக்குப் போய் அம்மாவின் சுண்டை எடுத்தேன். அது ஒரு பழைய பால்பேணி. விளிம்பு மழுங்கி, அடியில் ஒரு இடத்தில் நெளிந்திருக்கிறது. மகளின் மருந்துக் குவளையால் அளந்து அளந்து தண்ணீர் விட்டேன். கிட்டத்தட்ட 300 மில்லிலீற்றரில் விளிம்பு தொட்டது. அக்காவின் கப் 250. அதுவும் அமெரிக்காவில் அச்சான சமையல் குறிப்பென்றால் கப் 237க்குக் கிட்டத்தான்.

அதோடு முடியவில்லை. அம்மா அரிசியைப் பேணியில் அள்ளி உள்ளங்கையால் வழித்துவிடுவா. மாவை வழிக்க மாட்டா, குவியலாக விடுவா. சுண்டு என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு அளவு. தராசில் வைத்துப் பார்த்தேன். வழித்த அரிசி 250 கிராமுக்குக் கிட்ட வந்தது. மாவை வழித்து நிறுத்தால் 170 கூட வரவில்லை, குவித்தால் 200ஐத் தாண்டியது. ஒரு கணக்கும் சொல்லாமல், அம்மா குவித்து நிறுத்த மாவின் கிராமை மட்டும் அக்காவுக்கு எழுதி அனுப்பினேன். யாருடைய பேணி, வழித்ததா குவித்ததா என்று கேட்காமல் எந்த மாற்று எண்ணையும் இனி நான் சொல்வதில்லை.

சித்திரையில்

குளோரின் போட்டது 32,000 லீற்றர்க் கணக்குக்குத்தான். மிஞ்சிய தூளைக் கடைக்காரர் திரும்ப எடுக்கவில்லை. ஒழுங்கையில் இன்னும் மூன்று கிணறுகளை நானும் மகளுமாக அளந்து அவற்றுக்குக் கொடுத்தோம்.

சித்திரையில் தண்ணீர் ஆறடிக்கு இறங்கியதும் சேறு எடுக்க இறைத்தோம். இறைக்கத் தொடங்க முன் மகள் 200 லீற்றர் பரலை உருட்டிக்கொண்டு வந்தாள். பம்பிக் குழாயைப் பரலுக்குள் விட்டு, நிரம்பி வழியும் வரை கைபேசியில் நேரம் பிடித்தாள். மூன்று தரம் பிடித்தாள். சராசரி 31 செக்கன், நிமிடத்துக்கு 387 லீற்றர். ஆறடித் தண்ணீர் 19,200 லீற்றர், ஊற்று இல்லையென்றால் ஐம்பது நிமிடம். சேறு தெரிந்தபோது ஐம்பத்தெட்டு நிமிடம் ஆகியிருந்தது. ஐயா கிணற்றடியில் கதிரை போட்டு இருந்தார், மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. மிசினின் சத்தம் மாறியதும், “காணும், நிப்பாட்டு” என்றார்.

கிணறு காய்ந்திருந்த அன்றைக்கே உள்சுவரில் அடிக்கு ஒரு கோடாக அடியிலிருந்து மேல்வரை பெயின்ற் அடித்தேன். ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் எண். ஓரடிக்கு 3200 லீற்றர். மகள் இன்னொரு பக்கத்தில் தன் கையெழுத்தில் நிமிடங்களை எழுதினாள். கோடு ஆறுக்கு நேரே அவள் ஐம்பது என்று எழுதப்போக, ஐயா மேலே இருந்து எட்டிப் பார்த்து அறுபது என்று எழுதச் சொன்னார். ஊற்றையும் சேர்க்க வேண்டுமாம். அவள் ஐம்பதை அழிக்காமல் பக்கத்தில் அறுபதையும் எழுதினாள்.